காருக்கு ரப்பர் பெயிண்ட் அடிக்கலாமா வேணாமா? முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது எல்லாம்

"உரிச்சா வாழைப்பழத் தோல் மாதிரி வந்துடும்ங்க." ரப்பர் பெயிண்ட் பத்தி யார்கிட்ட கேட்டாலும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க, நானும் இதை நம்பித்தான் என் வெள்ளை ஹேட்ச்பேக்கை 2 வருஷம் மேட் சாம்பல் கலர்ல ஓட்டினேன். உரிக்கிற நாள் வந்தப்போ பானட், ரூஃப், முன் கதவு எல்லாம் நிஜமாவே தோல் மாதிரிதான் வந்துச்சு, ஆனா இடது பக்கம் பின் கதவுல மட்டும் ரப்பரோட சேர்ந்து அடியில இருந்த வெள்ளை பெயிண்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பேந்து வந்துடுச்சு, கீழ பள்ளத்தை நிரப்பப் பூசுற பட்டி தெரிஞ்சுது. நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்குறதுக்கு முன்னாடியே அந்தக் கதவுக்கு யாரோ டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிச்சிருக்காங்க, எனக்கும் தெரியல, ரப்பர் அடிச்ச கடைக்காரரும் பார்க்கல. அதுல இருந்து இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் பின்னாடில இருந்துதான் ஆரம்பிப்பேன். அடிச்சா வண்டி எப்படி இருக்கும்னு அப்புறம் பார்ப்போம், உங்க வண்டில இதை உரிக்கிற அன்னிக்கு என்ன நடக்கும்னு முதல்ல பார்ப்போம்.

முதல்ல இது என்னன்னு புரிஞ்சுக்கோங்க

இந்த வகையில எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் பிளாஸ்டி டிப், அமெரிக்கால மினசோட்டா மாநிலத்துல இருக்கிற கம்பெனியோட சரக்கு. இது முதல்ல காருக்குன்னு வந்ததே இல்ல, கட்டிங் பிளேயர் மாதிரி டூல்ஸோட கைப்பிடியை டப்பாக்குள்ள முக்கி எடுத்தா மேல ஒரு ரப்பர் உறை உக்காந்துடும், வழுக்காது, அதுக்காக வந்தது. அப்புறம்தான் ஸ்ப்ரேயா அடிச்சு வீலுக்கும் பாடிக்கும் போட ஆரம்பிச்சாங்க. இப்ப வேற வேற கம்பெனி சரக்கும் வருது, நம்ம ஊர் கடைங்கள்ல பாதிப் பேரு எல்லாத்தையுமே டிப்னுதான் சொல்றாங்க.

உள்ள இருக்கிறது செயற்கை ரப்பர், அது ஒரு சால்வென்ட்ல, அதாவது ரப்பரைக் கரைக்கிற திரவத்துல, கரைஞ்சு இருக்கும். அடிச்சதும் சால்வென்ட் ஆவியாப் போயிடும், ரப்பர் ஒரு மெல்லிசு ஷீட்டா நின்னுடும். சாதாரண பெயிண்ட் அடியில இருக்கிறதோட கெட்டியாப் பிணைஞ்சுக்கும், இது அப்படி இல்ல, மேல பிடிச்சுட்டு உக்காந்திருக்கு அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா மீதி எல்லாம் தானா புரியும். ஷீட் தடியா இருந்தா ஒரே துண்டா உரியும், மெல்லிசா இருந்தா பிஞ்சு பிஞ்சு வரும், அடியில இருக்கிற பெயிண்ட் பலவீனமா இருந்தா ரப்பர் அதையும் கூட்டிட்டு வரும், சால்வென்ட்ல கரைஞ்சது மாதிரியே பெட்ரோல் பட்டாலும் கரையும்.

எதுக்காக அடிக்கணும்னு நினைக்கிறீங்க?

கொஞ்ச காலத்துக்கு வேற கலர் வேணும், பழையபடி மாத்திக்கவும் முடியணும், சரி. மேட் லுக் பிடிக்கும், சரி. கிரில்லையும் லோகோவையும் கருப்பாக்கணும், அலாய் வீல் கலர் மாத்தணும், இதுக்கெல்லாம் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

ஆனா "பெயிண்ட் மங்கிப்போச்சு, கீறல் நிறைய இருக்கு, துரு எட்டிப் பார்க்குது, இதை அடிச்சா மறைஞ்சிடும்"னு நினைச்சீங்கன்னா தயவுசெஞ்சு வேணாம். கீறலும் பள்ளமும் மறையாது, மேட் கலர்ல இன்னும் எடுப்பாத் தெரியும். துரு அடியில பாட்டுக்கு வளர்ந்துட்டு இருக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாது. கிளியர் கோட், அதாவது கலருக்கு மேல இருக்கிற பளபளப்புப் படலம், செதில் செதிலா உரிஞ்சு கிடக்கிற பானட்ல அடிச்சா ரப்பர் அந்தச் சொரசொரப்புக்குள்ள புகுந்து பிடிச்சுக்கும், அப்புறம் சுத்தமா உரியவே உரியாது. அந்த வண்டிக்கு வேண்டியது டிங்கரும் பெயிண்டரும்தான்.

பெயிண்டை சோதிக்கிறது, இதுல மட்டும் அவசரப்படாதீங்க

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வண்டியை நல்லாக் கழுவி, நிழல்ல இல்லாம வெளிச்சத்துல நிறுத்திட்டு, ஒவ்வொரு பேனலா பாருங்க. பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு பேனலோட கலர் துளி வித்தியாசமா இருக்கா, ஒண்ணுல மட்டும் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா தெரியுதா, கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்லயோ கதவு கீல்லயோ பெயிண்ட் தூசி படிஞ்சிருக்கா, போல்ட் தலையில ஸ்பேனர் போட்ட தழும்பு இருக்கா. இதுல எது இருந்தாலும் அந்தப் பேனல் ஒரு தடவை கழட்டி அடிச்சதுன்னு வெச்சுக்கலாம்.

இன்னும் உறுதியாத் தெரியணும்னா பெயிண்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் இருக்கு, பழைய கார் வாங்கி விக்கிறவங்ககிட்டயும் டீடெயிலிங் கடையிலயும் இருக்கும், ஒரு பத்து நிமிஷ வேலை. கம்பெனி பெயிண்ட் பொதுவா 80ல இருந்து 150 மைக்ரானுக்குள்ள காட்டும், மறுபடி அடிச்சிருந்தா 200, 300னு ஏறும், அடியில பட்டி இருந்தா அதுக்கும் மேல எங்கயோ போகும். பிளாஸ்டிக் பம்பர்ல சாதாரண மீட்டர் வேலை செய்யாது, அங்க கண்ணைத்தான் நம்பணும். மீட்டர் கிடைக்கலைன்னா மெல்லிசு காந்தம் ஒண்ணை துணில சுத்தி வெச்சுப் பாருங்க, பட்டி தடியா இருக்கிற இடத்துல பிடிமானம் குறையும், மத்த பேனலோட ஒப்பிட்டா கைக்கே தெரியும்.

மறுபடி அடிச்ச பேனல் இருந்தா அடிக்கவே கூடாதான்னா அப்படி இல்ல. நல்ல பூத்ல, அதாவது தூசி வராத பெயிண்ட் அறையில, அடிச்சு, நல்லா காஞ்சு, வருஷக்கணக்குல நிக்கிற பெயிண்ட் பெரும்பாலும் தாங்கும். ரோட்டோரமா அவசரத்துல அடிச்சதுதான் பயம். அதுக்கு ஒரு சோதனை இருக்கு, அந்தப் பேனல்லயே கண்ணுக்குப் படாத கீழ் ஓரத்துல, ஆனா மேல அடிச்ச அதே பெயிண்ட் இருக்கிற இடமா பார்த்து, மாஸ்கிங் டேப்பை நல்லா அழுத்தி ஒட்டிட்டு வெடுக்குனு இழுங்க. டேப்லயே பெயிண்ட் வந்துச்சுன்னா கேள்விக்கே இடம் இல்ல. வரலைன்னா சின்ன ஸ்ப்ரே டப்பா ஒண்ணு வாங்கி அதே இடத்துல ஒரு அஞ்சு கோட் அடிச்சு, ரெண்டு மூணு வாரம் வெயில்ல விட்டு உரிச்சுப் பாருங்க. மூணு வாரம் காத்திருக்கணுமான்னு தோணும், நான் காத்திருந்தா ஒரு கதவு பெயிண்ட் செலவு மிஞ்சியிருக்கும்.

புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டியா இருந்தா குறைஞ்சது ஒரு மாசம், முடிஞ்சா ரெண்டு மூணு மாசம் விடுங்க, உள்ள இருக்கிற சால்வென்ட் வெளியேறணும், அதுக்குள்ள மேல ரப்பரைப் போட்டு மூடக் கூடாது.

வண்டி எங்க நிக்குது?

பேசிக் பிளாஸ்டி டிப் சுமார் மைனஸ் 34ல இருந்து 93 டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்காங்க, அதனால சென்னை வெயில்ல உருகி ஓடிடாது, அந்த பயம் வேணாம். பிரச்சினை வேற. நாள் பூரா, மாசக்கணக்கா வெயில் படப்பட ரப்பரோட இழுவை குறையுது, காஞ்சுபோகுது, அப்ப உரிக்கும்போது ஷீட்டா வராம துண்டு துண்டா ஒடியும். பானட், ரூஃப், டிக்கி மேல்பக்கம், இந்த மூணும்தான் முதல்ல போகும், பக்கவாட்டு கதவு ரொம்ப நாள் நல்லா இருக்கும். மூணு வருஷம் வரைக்கும் நிக்கும்னு விக்கிறவங்க சொல்றது உண்டு, நான் சொல்றது, போர்ட்டிகோலயோ கவர்டு பார்க்கிங்லயோ நிக்கிற வண்டின்னா அந்தக் கணக்கை நம்புங்க, ஆபீஸ்லயும் வீட்லயும் திறந்த வெளியில நிக்கிற வண்டின்னா ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள உரிச்சிடற மாதிரி திட்டம் போடுங்க.

அப்புறம் மரம். நாவல் மரத்தடியில நிறுத்துறவங்க மேட் கலர் பக்கமே போகாதீங்க, பழக்கறையும் காக்கா எச்சமும் மேட்ல ஊறிடும், ரப்பிங் பாலிஷ் போட்டுத் தேய்ச்சு எடுக்கவும் முடியாது, தேய்ச்ச இடம் மட்டும் பளபளன்னு திட்டாயிடும். போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியான்னா கழுவினதும் உடனே துடைக்கணும், இல்லைன்னா வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து நிக்கும், கருப்புல ரொம்ப அசிங்கமாத் தெரியும்.

ஆர்சி, ஆர்டிஓ, இன்சூரன்ஸ்

ஆர்சில வண்டியோட கலர்னு ஒரு விவரம் இருக்கு, பலர் அதைப் பார்த்ததே இல்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு ஆர்சி விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. "உரிக்கக் கூடியதுதானே சார்"னு செக்கிங்ல நிக்கும்போது சொன்னா எடுபடாது, ரோட்ல நிக்கிற வண்டி வெள்ளை, ஆர்சிலயும் வெள்ளைன்னு இருந்தாத்தான் பேச்சு முடியும். முழு வண்டி கலர் மாத்துறதா இருந்தா அடிக்கிறதுக்கு முன்னாடியே உங்க ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு, கலரை ஆர்சில ஏத்திக்கோங்க, உரிச்சதும் திரும்ப ஒரு தடவை மாத்தணும்ங்கிறதையும் சேர்த்து யோசிங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில் போட்டு வைங்க, கிளைம் நேரத்துல போட்டோவும் பாலிசியும் வேற வேற கலர்ல இருந்தா இழுத்தடிப்பாங்க.

மேட் மிலிட்டரி பச்சை, இந்தக் கலரை நிறையப் பேரு ஆசைப்பட்டுக் கேக்குறாங்க. ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிக்கு மட்டும்தான்னு மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்லுது, வேற யாரும் அடிக்கக் கூடாது. கடைக்காரர் பரவாயில்லைன்னு சொல்லுவார், பிடிச்சா நிக்கப்போறது நீங்க. அதே மாதிரி ஹெட்லைட், டெயில் லைட் மேல புகை கலர் அடிக்கிறது, அதை நான் சட்டத்தை விட்டுட்டே சொல்றேன், மழை ராத்திரில பைபாஸ்ல பின்னாடி வர்ற லாரிக்கு உங்க பிரேக் லைட் தெரியணும், அடிக்காதீங்க. நம்பர் பிளேட் மேலயும் துளி படக் கூடாது.

முழு வண்டியா, கொஞ்சமா?

இதுவரைக்கும் படிச்சதுல ஏதாவது ஒரு இடத்துல தயக்கம் வந்திருந்தா, முதல்ல வீலை மட்டும் அடிங்க. ஆர்சி பிரச்சினை இல்ல, டப்பா ஸ்ப்ரே போதும், ஒரு செட்டுக்கு நாலு டப்பா கணக்கு, தப்பாப் போனா சாயங்காலமே உரிச்சிடலாம். கிரில், லோகோ, ஜன்னல் ஓரத்து குரோம் பட்டி, இதுவும் அப்படித்தான். ஒரு வெயில் காலம், ஒரு மழைக் காலம் அது எப்படி நிக்குதுன்னு பார்த்துட்டு பாடியைப் பத்தி முடிவெடுங்க. பானட் மட்டும், ரூஃப் மட்டும்னு அடிக்கிறதா இருந்தா ஒரு விஷயம், ரெண்டு வருஷம் மூடி இருந்த இடமும் வெயில் பட்ட இடமும் ஒரே மாதிரி மங்காது, சிவப்பு வண்டின்னா உரிச்சதும் வித்தியாசம் நல்லாவே தெரியலாம்.

முழு வண்டின்னா கணக்கு வேற. டப்பாவுல அடிச்சா 20க்கு மேல போகும், அதுவும் ஒரே சீரா வராது, அதனால கேலன் சரக்கும் ஸ்ப்ரே கன்னும்தான். சின்ன காருக்கு 3 கேலன், அதாவது பதினோரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல, செடானுக்கு 4, எஸ்யூவிக்கு அதுக்கும் மேல. வெள்ளை வண்டியைக் கருப்பாக்குறது சுலபம், கருப்பு வண்டியை வெள்ளையோ மஞ்சளோ ஆக்கணும்னா அடியில ஒரு பேஸ் கலர் தனியா வேணும், சரக்கு கூடும். கடையில சொல்ற ரேட்டோட உரிக்கிற கூலி, ஆர்சி செலவு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல கூட்டிட்டு அதை வருஷத்தால வகுத்துப் பாருங்க, பக்கத்துலயே வினைல் ரேப்புக்கும் (வண்டி மேல ஒட்டுற கலர் ஷீட்) அதே கணக்கைப் போடுங்க. ரேப் முதல்ல கூடத்தான் ஆகும், ஆனா நல்ல சரக்குன்னா கூட நாள் நிக்கும், பெட்ரோலுக்கு அவ்வளவு பயப்பட வேணாம். சில பேருக்கு ரேப்தான் மலிவுன்னு வரும், வந்தா அதையே போடுங்க. கல்லடி, கீறல்ல இருந்து பெயிண்டைக் காப்பாத்துறதுதான் முக்கியம்னா பிபிஎஃப், அதாவது பெயிண்ட் மேல ஒட்டுற பாதுகாப்பு ஃபிலிம், பாருங்க, ரப்பர் பெயிண்ட் சின்னச் சின்னக் கல்லுக்கு உதவும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

கடைக்குப் போனா என்ன கேக்கணும்?

எத்தனை லிட்டர் அடிப்பீங்க, இதான் முதல் கேள்வி. எத்தனை கோட்னு கேட்டா ஆறுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, தண்ணியா கலந்து ஆறு கோட் அடிச்சாலும் ஆறுதான், லிட்டர்ல கேட்டாத்தான் உண்மை வரும், டப்பாவை உங்க முன்னாடி திறக்கச் சொல்லுங்க. மெல்லிசா அடிச்சா அவங்களுக்கு லாபம், உரிக்கும்போது நகத்தால சுரண்டப்போறது நீங்க. அப்புறம் ஒரு வருஷத்துக்கு முன்னாடி அவங்க அடிச்ச வண்டி ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க, நேத்து அடிச்ச வண்டி எல்லாமே அழகாத்தான் இருக்கும். ஓரங்கள், கதவு இடுக்கு, பெட்ரோல் மூடி சுத்தி, பம்பர் கீழ் விளிம்பு, இங்க எப்படி நிக்குதுன்னு பாருங்க. உரிச்சுத் தர்றதும் உங்க வேலையா, எவ்வளவுன்னு இப்பவே எழுதி வாங்குங்க.

நீங்களே அடிக்கிறதா இருந்தா

நாள் பார்க்கணும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க, ஈர ரப்பர் மேல தூசி என்ன ஆகும்னு சொல்ல வேணாம், கோயம்புத்தூர் பக்கம் அந்த மாசம் நினைச்சே பார்க்காதீங்க. ஐப்பசி கார்த்திகை மழையில காத்துல ஈரம் ஜாஸ்தி, மேல வெள்ளைப் புகை படிஞ்ச மாதிரி ஆகும், கத்திரி வெயில்ல கன்ல இருந்து கிளம்பினது வண்டியில படுறதுக்குள்ளயே காஞ்சு சொரசொரன்னு உக்காரும். தை கடைசில இருந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம், அதுவும் பனி விலகின அப்புறம், காலை ஒன்பது பத்து மணிக்கு மேல.

சோப்புத் தண்ணி போட்டுக் கழுவி, தார்ப் புள்ளி எல்லாம் எடுத்து, பழைய வாக்ஸ் போற மாதிரி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால துடைங்க, இல்லைன்னா வெறும் கை பட்ட இடத்துல கூட ரப்பர் பிடிக்காம போகும். கண்ணாடி, லைட், டயர், பிரேக் டிஸ்க் எல்லாம் மூடுங்க. முதல் கோட் பாதி தெரிஞ்சும் பாதி தெரியாமலும் இருக்கணும், பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், அதைப் பார்த்துட்டு ஒரே அடியா மூட நினைச்சா ஒழுகும். டப்பான்னா ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரம், கையை நிறுத்தாம, முன்ன அடிச்ச பட்டையில பாதியை மறைக்கிற மாதிரி அடுத்த பட்டை. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல 15, 20 நிமிஷம். ரெண்டாவதுல இருந்து ஈரமா அடிக்கலாம், மொத்தம் அஞ்சு ஆறு கோட், விளிம்புகள்ல ஒரு கை கூட, ஏன்னா உரிக்கிறது அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும். மாஸ்கிங் டேப்பை கடைசி கோட் ஈரமா இருக்கும்போதே எடுத்துடணும், காஞ்ச அப்புறம் இழுத்தா டேப்போட ரப்பரும் கிழிஞ்சு வரும். நாலு மணி நேரம் தொடாதீங்க, ரெண்டு மூணு நாள் கழுவாதீங்க.

இதோட ஆவி தீப்பிடிக்கும், தலையும் சுத்தும். போர்ட்டிகோல அடிச்சா பக்கத்துல சமையல் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது, சின்னப் பிள்ளைங்களை வேற வீட்டுக்கு அனுப்பிடுங்க. துணி மாஸ்க்கும் என்95ம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்தான் வேணும்.

அடிச்ச அப்புறம்

பெட்ரோல் பங்க்ல கீழ இறங்கி நில்லுங்க, நாசிலை எடுக்கும்போது சொட்டுற ஒரு துளி போதும், அந்த இடம் இளகி கொழகொழன்னு ஆயிடும். பட்டா தேய்க்காம தண்ணி ஊத்தி விட்டுட்டு காய விடுங்க. மேட்ல பாலிஷ், வாக்ஸ் கிடையாது, வாட்டர் சர்வீஸ்ல டீசல் அடிச்சுக் கழுவுற பழக்கம் இருக்கிற இடம் இன்னும் இருக்கு, அங்க விடாதீங்க, பிரஷர் கன்னையும் விளிம்புக்கு நேரா பிடிக்க விடாதீங்க. சின்னக் கிழிசல் வந்தா அதே சரக்கை அந்த இடத்துல அடிச்சா பழசோட கரைஞ்சு ஒண்ணாயிடும், பெயிண்ட்ல இல்லாத பெரிய வசதி இது, ஆனா தள்ளிப்போட்டா அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ள போய் தங்கும்.

உரிக்கிற தேதியை அடிச்ச அன்னிக்கே காலண்டர்ல எழுதி வைங்க. அன்னிக்கு வண்டி வெதுவெதுன்னு இருக்கணும், வெயில்ல ஒரு மணி நேரம் நிறுத்திட்டு விளிம்பை விரலால தேய்ச்சுக் கிளப்புங்க, பிளேடு கத்தி எதுவும் வேணாம், கிளம்பினதும் மேல தூக்காம வண்டியோட ஒட்டினாப்புல மெதுவா பின்னாடி இழுங்க. மறுபடி பெயிண்ட் அடிச்ச பேனலைக் கடைசியா வெச்சுக்கோங்க, அதுல இன்னும் மெதுவா. இடுக்குல நிக்கிற மெல்லிசுப் படலத்துக்கு டபிள்யூடி-40 அடிச்சு அஞ்சு நிமிஷம் விட்டு மைக்ரோஃபைபர் துணியால துடைச்சா வந்துடும். ஒரு பேனல் முழுக்கவே துண்டு துண்டா ஒடிஞ்சு வருதுன்னா சுரண்டிட்டு உக்காராதீங்க, அது மேலயே அதே சரக்கை இன்னும் மூணு நாலு கோட் ஈரமா அடிச்சு, ஒரு நாள் நல்லா காய விட்டு, மறுபடி இழுங்க. பழசும் புதுசும் ஒண்ணா சேர்ந்து தடியாகி ஒரே ஷீட்டா வரும், என் ரூஃப் ஓரம் அப்படித்தான் வந்துச்சு.